நான் எழுதாத விமர்சனமும் நான் கட்டாத மனைவியும்

என் முதல் மனைவி இறந்தது ஒரு புதன்கிழமை மதியம், சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. அவள் பிறந்ததும் அதே மதியம்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம்கூட இருக்காது. பெயர் மீனாட்சி. நான் செய்த ஒரு திருட்டில் பிறந்து, அதே திருட்டில் செத்துப்போனவள். இன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அன்றைக்கு என் முகத்தை யாராவது பார்த்திருந்தால் தண்ணீர் கொண்டுவர ஓடியிருப்பார்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளாக இருந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் 'காலர் ஏன் சுருங்குகிறது' என்று மெயில் போட்டால், 'பார்த்துச் சொல்கிறோம்' என்பதையே நாலு விதமாக எழுதி அனுப்புவதுதான் வேலை. எழுத்து வருகிறது, அதை ஏன் காலருக்கு வீணாக்க வேண்டும் என்று நினைத்து வேலையை விட்டேன். வீடியோ கேம்களுக்குத் தமிழில் விமர்சனம் போடும் ஓர் இணையதளத்தில் சேர்ந்தேன். (சேர்ந்தேன் என்பதே பெரிய வார்த்தை. மெயில் போட்டேன், 'சரிங்க, எழுதுங்க' என்று பதில் வந்தது.)

வீட்டில் இதை விளக்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "வெளையாடறதுக்கா காசு தர்றாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா அக்கம்பக்கத்தில், "என்ற பையன் பேப்பர்ல இருக்கறானுங்க" என்று பெருமையாகச் சொல்லிவைத்தார். அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, நாளையிலிருந்து அவர் வீட்டுக்கும் ஒரு பேப்பர் போட்டுவிடச் சொன்னார்.

கூலி கட்டுரைக்கு இத்தனை என்று கணக்கு. டெய்லர்களுக்குப் பீஸ் ரேட் போடுவார்களே, அதேதான். ஆனால் ஒரு கேமை ஒழுங்காக விளையாடி முடிக்க முப்பது நாற்பது மணி நேரம் ஆகும். அப்படி எழுதினால் டீச்செலவுக்குத்தான் காணும். அதிலும் புது கேம்கள் ஓட நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். என்னுடையது யாரோ கைவிட்ட பழைய லேப்டாப். கொஞ்சம் பெரிய கேமைத் திறந்தால் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் மாதிரி சத்தம் போட்டுவிட்டு அணைந்துபோகும்.

முதல் மாதம் விளையாடிவிட்டு எழுதினேன். இரண்டாவது மாதம் பாதி விளையாடிவிட்டு எழுதினேன். மூன்றாவது மாதம் வேறு யாரோ விளையாடுவதை வீடியோவில் வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினேன். நான்காவது மாதம் அந்த வீடியோவே நீளமாகத் தெரிந்தது. ஆங்கில விமர்சனங்களைத் தேடி, இங்கே ஒரு பத்தி, அங்கே ஒரு பத்தி என்று எடுத்து ஒட்ட ஆரம்பித்தேன். அதற்கு 'ஆராய்ச்சி' என்று எனக்குள் ஒரு பெயரும் வைத்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை மதியத்துக்குள் ஒரு கட்டுரை கொடுத்தாக வேண்டும். கையில் ஒன்றுமில்லை. தேடியதில் ஒரு வெளிநாட்டுக்காரர் தன் சொந்த வலைப்பக்கத்தில் எழுதியது கிடைத்தது. கடலோரக் கிராமத்தில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் கேம், அவ்வளவுதான். நோயில் படுத்திருந்த அவருடைய மனைவி அதை விளையாடியிருக்கிறார். எல்லா மீனையும் பிடித்துவிட்டார்; ஒன்றே ஒன்று பாக்கி. அது சிக்குவதற்குள் இறந்துவிட்டார். ஆறு மாதம் கழித்து, அவர் விட்ட இடத்திலிருந்து கணவர் விளையாடுகிறார். அந்தக் கடைசி மீன் தூண்டிலில் மாட்டுகிறது. அதைக் கரைக்கு இழுக்காமல் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறார். 'இந்த இழப்பை வேலையிடத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை' என்று முடித்திருந்தார்.

படித்து முடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்த கையோடு மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

முழுவதும் எடுத்தேன். ஒரு வரி விடவில்லை. திருட்டு தெரியக் கூடாதென்று சில வேலைகள் செய்தேன். அவர் மனைவியின் பெயர் நம் வாய்க்குள் நுழையாது, மீனாட்சி ஆக்கினேன். பனியை மழை ஆக்கினேன். அவர் மனைவியை நினைத்துக்கொண்டு ஓர் ஆற்றங்கரையில் தினமும் நடப்பாராம். நானும் நொய்யல் கரையில் தினமும் நடந்தேன். 'நான்' என்பதை மட்டும் மாற்றவில்லை. அது தோன்றவே இல்லை. சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது, அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாயங்காலத்துக்குள் நான் எழுதிய அத்தனையையும் சேர்த்துப் படித்தவர்களைவிட அதிகம் பேர் இந்த ஒன்றைப் படித்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஒரே ஒருவர் மட்டும், 'நொய்யல் கரையில் மூக்கைப் பிடிக்காமல் எப்படி நடந்தீர்கள்?' என்று கேட்டிருந்தார். (உள்ளூர்க்காரர். சாயக்கழிவு ஓடும் ஆறு. நியாயமான கேள்வி.)

ஆசிரியர் மணிவண்ணன் சார் கோவையிலிருந்து போன் செய்தார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் மெயிலில்தான்.

"கதிர்வேலு, ஒரு வார்த்தை சொல்லலியேப்பா நீ" என்றார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது, "பரவாயில்லீங்க சார்."

"ஒரு வாரம் எதுவும் எழுதாத. காசு நான் போட்டுடறேன். ரெஸ்ட் எடு" என்றார். வெட்கம்கெட்டவன், எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது அந்த ஒரு வாரம்தான்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. பொங்கலூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள். பெண் பெயர் சுகன்யா. திருப்பூரிலேயே ஒரு கம்பெனியில் துணிகளைப் பரிசோதித்துக் குறை கண்டுபிடிக்கும் குவாலிட்டி பிரிவில் இருந்தாள். நாங்கள் ஒருமுறை கோயிலில் பார்த்துப் பேசியிருந்தோம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவளுக்கு 'பரவாயில்லை' என்ற அளவுக்கு என்னைப் பிடித்திருந்ததாகத் தகவல்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். பெண்ணின் அப்பா, "மாப்ள பத்திரிகையில இருக்கறாருன்னாங்க. வெளையாட்டுப் பக்கமுங்களா? கிரிக்கெட்டுங்களா?" என்று கேட்டார். நான் பதிலைக் கோர்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு கார் நின்றது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். கையில் ஒன்றுமில்லை, முகத்தில் சிரிப்பில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் எப்படி வருவார்களோ அப்படி, யாரும் கூப்பிடாமல் நேராக உள்ளே வந்தார். சம்பளம் போடுவதற்காக மணிவண்ணன் சாருக்கு நான் அனுப்பியிருந்த ஆதார் நகலில் விலாசம் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா பெண்வீட்டுச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டார். "வாங்க வாங்க, உக்காருங்க. கேசரி சாப்பிடுங்க" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக.

மணிவண்ணன் சார் ஒரு கணம் திகைத்து நின்றார். பாவம், அதிர்ச்சியில் இந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டு, "மனசத் தேத்திக்குங்கம்மா" என்றார்.

எனக்கு வரன் தள்ளிப்போவதைத்தான் சொல்கிறார் என்று அம்மா எடுத்துக்கொண்டார். "இனியென்னங்க கவலை. கடவுள் புண்ணியத்துல நல்ல எடமா அமைஞ்சிருச்சு. தை மாசத்துல வெச்சுரலாமுன்னு இருக்கறோமுங்க."

"அதுக்குள்ளவா?" என்றார் சார். "மீனாட்சி போயி ஆறு மாசந்தானுங்களே ஆச்சு."

பெண்ணின் அப்பா கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். "ஏனுங்க, மீனாட்சிங்கறது யாருங்க?"

"இந்தத் தம்பியோட சம்சாரமுங்க."

பெண்ணின் அம்மா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பெண்ணின் அப்பா எங்கள் அப்பாவைப் பார்த்து, கோபமே இல்லாமல், மரியாதை குறையாமல் கேட்டார்: "ரெண்டாந்தாரமுன்னு தரகர் ஒண்ணும் சொல்லலீங்களே."

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. தனக்கே தெரியாமல் ஒரு மருமகள் வந்து, வாழ்ந்து, செத்தும் போயிருப்பாளோ என்று ஒரு வினாடி அவரே சந்தேகப்பட்டார்.

எனக்கு முன்னால் இரண்டே வழிகள். ஒன்று, மனைவியை இழந்தவன். இன்னொன்று, திருடன். முதலாவதில் அனுதாபம் உண்டு, பொண்ணு இல்லை. இரண்டாவதில் இரண்டுமே இல்லை. எழுந்து நின்றேன்.

"எனக்குக் கல்யாணமே ஆகலீங்க. சார் படிச்ச அந்தக் கட்டுரை நான் எழுதினது இல்லீங்க. வெளிநாட்டுல ஒருத்தர் அவர் சம்சாரத்தைப் பத்தி எழுதினது. திருடிப் போட்டுட்டேனுங்க. மீனாட்சின்னு யாரும் இல்லீங்க."

பெண்ணின் அப்பா, "அப்ப யாரும் சாகலீங்களா?" என்று கேட்டார்.

"அந்த ஊருல ஒருத்தங்க செத்திருக்கறாங்க" என்றேன்.

மணிவண்ணன் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்ற சம்சாரம் போயி மூணு வருசமாச்சு. அதப் பத்தி ஒரு வரி எழுத வரலை எனக்கு. நீ எழுதுனதப் படிச்சுத்தான் அன்னைக்கு அழுதேன். ஒருத்தனாவது எழுதிட்டானேன்னு உன்னைப் பாக்க வந்தேன்."

எழுந்து போய்விட்டார். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'வர்றேன்' என்று சொல்லமாட்டார்கள். அவரும் சொல்லவில்லை. அந்த ஒன்றுதான் அன்று எனக்கு உண்மையிலேயே வலித்தது.

பெண்வீட்டாரும் கிளம்பினார்கள். கேசரி அப்படியே இருந்தது. அப்பா அன்று பேசியது இவ்வளவுதான்: "அடுத்தவன் டிசைனத் திருடறவனப் பாத்திருக்கறேன். செத்தவங்க துணியிலே தன்ற லேபிள ஒட்டுனவன இப்பத்தான்டா பாக்கறேன்."

மறுநாள் மதியம் சுகன்யா போன் செய்தாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரம், பின்னால் டிபன் பாக்ஸ் சத்தம் கேட்டது.

"அந்த ஒண்ணு மட்டுந்தானுங்களா, வேறயும் இருக்குதுங்களா?"

"ஏனுங்க கேக்கறீங்க?"

"ஒரு பீஸ்ல கறை இருந்தா அந்தப் பீஸை மட்டும் ஒதுக்குவோமுங்க. லாட் முழுக்க இருந்தா லாட்டையே திருப்பி அனுப்போணும். அதான் கேக்கறேன்."

சொன்னேன். எது சொந்தம், எது பாதி, எது முழுத்திருட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "எங்கப்பா கேட்டப்ப பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாமுங்களே?" என்றாள்.

"தப்பிச்சாலும் நீங்க ரெண்டாந்தாரம் ஆயிருவீங்களே" என்றேன்.

அவள் சிரித்தது கேட்டது. உடனே நிறுத்திக்கொண்டு, "மொதல்ல அந்த மனுசனுக்கு எழுதுங்க. அப்பறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாள்.

அவருக்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். (காலர் சுருங்கியதற்கு மன்னிப்புக் கேட்டுப் பழகிய ஆங்கிலம். முதல் பிரதியில் 'இனி இவ்வாறு நேராமல் பார்த்துக்கொள்கிறோம்' என்று இருந்தது, அழித்தேன்.) மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு வந்தது. கடுமையான கோபம் வந்ததாகவும், அதை மறைக்கப் போவதில்லை என்றும் எழுதியிருந்தார். கீழே, 'அவளுக்கு என்ன பெயர் வைத்தாய்? அதற்கு என்ன பொருள்?' என்று கேட்டிருந்தார். மீனாட்சி என்றால் மீன் போன்ற கண்ணுடையவள் என்று எழுதினேன். வைக்கும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை என்பதையும் எழுதினேன். 'மீன் பெயரா? அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்' என்று ஒரு வரியில் பதில் வந்தது. கட்டுரையை அழிக்க வேண்டாம், தன் பெயரில் போட்டால் போதும் என்றார்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போய் மணிவண்ணன் சாரின் எதிரில் நின்றேன். படித்தார். மழையைப் பனி ஆக்கினோம், நொய்யலை அந்த வெளிநாட்டுக்காரருடைய ஆறு ஆக்கினோம். மேலே அவர் பெயர், அடியில் சிறிய எழுத்தில் தமிழாக்கம் என்று என் பெயர். நான் திருடிய மற்றவற்றின் பட்டியலையும் மன்னிப்போடு வெளியிட்டார். "இனிமே உனக்கு இங்க வேலை இல்லப்பா" என்றார். அது நியாயம். படியிறங்கும்போது, "முழுசா வெளையாடி முடிச்சது ஏதாவது இருந்தா அனுப்பு, பாக்கலாம்" என்றார். இப்போது ஒரு கம்பெனியில் மறுபடியும் மெயில்களுக்குப் பதில் எழுதுகிறேன். எப்போதாவது ஒரு கேமை முடித்தால் ஒரு கட்டுரை அனுப்புகிறேன். சுகன்யா படித்துப் பார்த்து விட்ட பிறகுதான் அது போகும்.

ஆமாம், கல்யாணம் நடந்தது. தையில் இல்லை, ஆவணியில்.

ஆனால் ஒரு பாக்கி இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் வாசலுக்குப் போய் போன் செய்தது அவிநாசிபாளையத்தில் இருக்கும் தன் நாத்தனாருக்கு, அதாவது சுகன்யாவின் அத்தைக்கு. 'மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருந்து செத்துட்டாளாம்' என்ற பாதிச் செய்தி அவருக்குப் போய்விட்டது. மீதிப் பாதி போகவே இல்லை. பிறகு எத்தனை தடவை சொன்னாலும், "புள்ள மனசு நோகக் கூடாதுன்னு மறைக்கறீங்க" என்று தலையாட்டிவிடுகிறார். எந்த விசேஷத்தில் பார்த்தாலும் சுகன்யாவின் கன்னத்தைத் தடவி, "மூத்தவ சாமியா இருந்து உன்னையக் காப்பாத்துவா கண்ணு" என்கிறார். சுகன்யா முகம் மாறாமல், "சரிங்கத்தை" என்கிறாள்.

போன வருடம் எங்கள் மகளுக்குக் காது குத்தினோம். அத்தை ஒரு பட்டுச்சேலையோடு வந்து இறங்கினார். "மூத்தவளுக்கு வெச்சுக் கும்புட்டுட்டு அப்பறம் காது குத்துங்க" என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்; சிரித்தாரா என்று தெரியாது, தோள் குலுங்கியது. சேலையை வைத்துக் கும்பிட்டோம். நானும் கும்பிட்டேன். எனக்குக் கும்பிட ஆள் இருந்தார், வேறு நாட்டில், வேறு பெயரில்.

சேலை நல்ல மாம்பழ நிறம். மறு வாரம் சுகன்யா அதைக் கட்டிக்கொண்டு கம்பெனி விழாவுக்குக் கிளம்பினாள். தோழிகள் எங்கே எடுத்தது என்று கேட்டார்களாம்.

"எங்க ஊட்டுக்காரரோட மொதல் சம்சாரத்துதுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.