அடுத்தவர் உருண்டை

அச்சாகி வந்த கட்டுரையில் மறுபடியும் துறைத் தலைவரின் பெயர்தான் முதலில் இருந்தது. ஆறு வருடத்தில் இது நான்காவது முறை. வெயிலில் குனிந்து சாணி வண்டு பொறுக்கியவள் அருங்காட்சியகத்தின் பூச்சி ஆய்வாளர். மின்விசிறிக்கடியில் கையெழுத்துப் போட்டவர் தலைவர்.

பொங்கிய ஆத்திரத்துக்கு வடிகாலாக அவளிடம் ஒரு புது வண்டு இருந்தது. அது தானாக எதையும் உருட்டாது. இன்னொரு வண்டு பாடுபட்டுச் சாணியை உருட்டி முடித்ததும், அந்த உருண்டையைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

கண்டுபிடித்தவர் தன் பெயரையே சூட்டிக்கொள்வது வழக்கமில்லை. அடுத்தவர் பெயரைச் சூட்டலாம். பல்லைக் கடித்துக்கொண்டு, தலைவரின் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டி வண்டுக்கு வைத்தாள்.

கட்டுரையையும் வண்டின் படத்தையும் பார்த்த தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ரொம்பப் பொருத்தம்மா. எழுதினவங்க பட்டியல்ல என் பேர் சேர்க்க வேண்டாம். நீ மட்டும் போட்டுக்கோ."

மனுஷருக்கு உறைக்கவில்லை போலிருக்கிறது என்று, 'பிறர் உழைப்பில் பிழைக்கும் இனம்' என்றொரு வரியைச் சேர்த்தாள். அவர் அதில் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்திக் கொடுத்தார். கட்டுரை வெளியானதும் வண்டின் படத்தைப் பெரிதாக்கித் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவிட்டார். வந்தவர்களெல்லாம் அவருக்குக் கைகொடுத்தார்கள்.

"காக்கா பிடிக்கறதை உன்கிட்டதான் கத்துக்கணும்," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

இவளோ அந்தப் பெயரையே நீக்கிவிடப் பார்த்தாள். அச்சேறிய பெயரை விருப்பம்போல் மாற்ற முடியாது. அதே வண்டுக்கு யாராவது முன்பே பெயர் வைத்திருந்தால்தான் இது செல்லாமல் போகும். முதல் பெயரே நிற்கும் என்பது விதி. தன் ஒரே கண்டுபிடிப்பு போனாலும் போகட்டும் என்று, பழைய மாதிரிகள் கிடக்கும் கிடங்கில் இறங்கினாள். மூன்று நாள் தூசி தின்றாள்.

அடிப்பெட்டியில், துருப்பிடித்த ஊசியில் அதே வண்டு. கூடவே, அதற்குப் பெயர் சூட்டிய முப்பது வருடப் பழைய இதழ். கட்டுரை எழுதியவர் பெயரைக் கரையான் தின்றிருந்தது. வண்டின் பெயர் முழுசாக இருந்தது. அதிலும் யாரோ ஒருவரின் பெயருக்குப் பின்னால் லத்தீன் வால்.

"யாருங்க இவரு?" என்று கிடங்குக்காரரிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"இவரா? அப்ப இருந்த தலைவரும்மா. எழுதறதையெல்லாம் பிடுங்கிக்கறாருன்னு ஆத்திரத்துல ஒருத்தர் வெச்ச பேரு. வெச்சவர்தான் இப்ப மேல, படத்தை மாட்டிட்டு உக்காந்திருக்காரு."