நூற்றியோராவது போன்

“இன்னும் ஏறலியா?” முதலாளி மூன்றாவது முறையாகக் கதவைத் திறந்து கேட்டார்.

“ஏறலீங்க.”

“ஒரு போன்ல ஒரு ஆப் ஏத்துறதுக்கு இவ்வளவு நேரமா? என் மாமியார் தினம் நாலு ஏத்துறாங்க.”

சோதனைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டிக்கொண்டிருந்தார். முதலாளியின் மாமியார் ஏற்றுவதெல்லாம் ஊருக்கே வெளியான செயலிகள். இது இன்னும் வெளியாகாதது. இதைப் போனில் ஏற்ற மூன்று சமாச்சாரம் வேண்டும். செய்தது யார் என்று சொல்ல ஒரு சான்றிதழ், எந்தெந்தப் போனில் ஓடலாம் என்று சொல்ல ஒரு பட்டியல், இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஓர் அனுமதிச் சீட்டு. போன் செய்கிற கம்பெனி போட்ட சட்டம் அது. இதை அவர் முதலாளிக்கு ஏழு தடவை விளக்கியிருக்கிறார். ஏழு தடவையும் முதலாளி பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, “அதெல்லாம் சரி, எப்ப ஏறும்?” என்றுதான் கேட்டார்.

செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது வேலை என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சோதனைக்காரர் என்று பெயர். எந்த நேரத்தில் வைத்தார்களோ, வேறெதையும் அவர் அனுபவித்ததில்லை.

இந்தச் செயலி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கானது. போனில் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும். தொட்டி நிரம்பியதும் போனே மோட்டாரை நிறுத்திவிடும். நாற்பது அடுக்குமாடிக் கட்டடங்கள் வைத்திருக்கும் ஒரு பில்டர் அன்று மாலை நாலு மணிக்குக் கையெழுத்துப் போட வருகிறார். போட்டால் நாலு பேர் கொண்ட அந்தப் பிரிவு பிழைக்கும். போடாவிட்டால் மாதக் கடைசியோடு பிரிவை மூடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். நல்லது சொன்னால் மறந்துவிடுவார். இந்த மாதிரி விஷயத்தில் சொன்ன சொல் தவறமாட்டார்.

பில்டர் ஆபீஸிலிருந்து காலையில் வந்தது ஒரே ஒரு வரி. ‘ஒரு போன் கொடுத்து அனுப்புகிறோம், அதில் உங்கள் ஆப்பைப் போட்டுக் கொடுக்கவும்.’

“பில்டரோட போன்யா!” என்றார் முதலாளி. “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தன் கையால அழுத்திப் பாக்கணும்னு நினைக்கிறார். பெரிய மனுஷங்க அப்படித்தான். பளிச்னு திறக்கணும், ஆமா.”

“அந்தப் போனோட அடையாள எண் முன்னாடியே வேணுங்க. பட்டியல்ல சேக்கணும்.”

“அவ்வளவுதானே? கேட்டு வாங்கித் தர்றேன்.”

பத்து நிமிஷத்தில் எண் வந்தது. பத்து இலக்கத்தில், சுத்தமான தொலைபேசி எண்.

“இது இல்லீங்க. இது கூப்பிடற நம்பர். போனுக்குள்ள நீளமா ஒண்ணு இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து.”

அடுத்து, போன் வந்த அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அதற்கடுத்து போனின் முதுகு. வெளிச்சம் பட்டு அதில் ஒரு வெள்ளை வட்டம்தான் தெரிந்தது. மூன்றாவதாக வந்த படத்தில், கண்ணாடி முன்னால் நின்று அதே போனால் அதே போனை எடுத்திருந்தார்கள். ஒரு கட்டைவிரலும் பாதி மீசையும் தெரிந்தன.

பக்கத்து மேசையில் செயலிக்குப் படம் வரைகிற டிசைனர் பெண் எட்டிப் பார்த்தாள். “மீசை நல்லா விழுந்திருக்கு அண்ணா.”

“நீ வேற ஏம்மா.”

பதினொன்றரைக்கு ஒருவழியாகச் சரியான எண் வந்தது. சோதனைக்காரர் அதை இரண்டு முறை சரிபார்த்து, பட்டியலில் போட்டு, பொத்தானை அழுத்தினார். ‘பட்டியல் நிரம்பிவிட்டது’ என்று பதில் வந்தது.

பட்டியலில் நூறு போன்களுக்குத்தான் இடம். நூறும் யார் யாருடையவை என்பது கடவுளுக்கே வெளிச்சம். சோதனை செய்ய ஆள் கிடைக்காத காலத்தில் அவர் தன் மனைவி, மச்சான், வீட்டுக்காரர், மச்சானின் நண்பர்கள் என்று கண்ணில் பட்டவர்கள் போனையெல்லாம் சேர்த்திருந்தார். சேர்த்தவர்கள் வீட்டு மோட்டாரில், போன் சொன்னபடி அதை ஓட்டி நிறுத்தும் கருவியையும் மாட்டிவிட்டிருந்தார். வேலையை விட்டுப் போய்விட்ட விற்பனை ஆள் தன் பங்குக்கு ஒரு முப்பதைச் சேர்த்து, அங்கேயும் கருவி மாட்டி, ‘போன்’, ‘இன்னொரு போன்’, ‘இதுவும்’ என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

“ஒண்ணை எடுத்துட வேண்டியதுதானே?” என்றாள் டிசைனர் பெண். “என் பழைய போனை எடுங்க. அதுதான் வாளித் தண்ணியில விழுந்து செத்துப்போச்சே.”

எடுத்தார். ‘நீக்கப்பட்டது’ என்று வந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், ‘காலியான இடம் அடுத்த ஆண்டுச் சந்தா புதுப்பிக்கும்போது திறக்கும்’ என்று இருந்தது.

“இது என்ன அநியாயம்? ஆள் எழுந்து போயாச்சு, நாற்காலி காலியா இருக்கு, உக்காரக் கூடாதாமே!”

“சந்தாவை இப்பவே புதுப்பிச்சிடுங்க அண்ணா.”

அதற்கு முதலாளியின் கார்டு வேண்டும். கார்டைப் போட்டால் ரகசிய எண் முதலாளியின் மனைவி போனுக்குப் போகும். முதலாளி அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

“ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா... ஒண்ணும் பெருசா வாங்கலை, பட்டியல்ல ஒரு இடம்... இடம்னா அந்த இடம் இல்ல... மெயின் ரோட்டுக்குப் பக்கமெல்லாம் இல்ல... அடியே, உங்கிட்டச் சொல்லாம நான் எதுக்கு வீட்டு மனை வாங்கப் போறேன்?”

எண் கிடைக்கும்போது மணி ஒன்று. முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “ஆச்சா?”

ஆயிற்று. இடம் திறந்தது. போன் பட்டியலில் ஏறியது. இனி புது அனுமதிச் சீட்டைச் செய்து, சான்றிதழின் சாவியால் முத்திரை குத்த வேண்டியதுதான் பாக்கி. ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. அது கணினிக்குள் ஒரு சின்னக் கோப்பாக இருக்கும். சோதனைக்காரர் தன் கணினியில் தேடினார். இல்லை. மறுபடி தேடினார். அப்போதும் இல்லை.

கணினிகளைப் பராமரிக்கும் சிஸ்டம் ஆசாமி மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“நேத்து என் மெஷினை என்ன பண்ணீங்க?”

“மெதுவா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒண்ணு விடாம துடைச்சுக் கொடுத்திருக்கேன். இப்பப் பறக்குமே!”

“அதுல ஒரு சாவி இருந்துதே?”

“சாவியா? டிராயர்ல பாத்தீங்களா?”

அவரிடம் சண்டை போட நேரமில்லை. சோதனைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார். புதுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தார். ‘ஏற்கெனவே ஒன்று உள்ளது. அதை ரத்து செய்த பின்னரே அடுத்தது’ என்று வந்தது.

“சாவி தொலைஞ்சுபோன சான்றிதழ் இருந்தா என்ன, போனா என்ன?” என்றார்.

“அதானே,” என்றாள் டிசைனர் பெண்.

“அதானே,” என்றார் பின்னால் வந்து நின்ற முதலாளி, ஒன்றும் புரியாமலே.

ரத்து என்ற பொத்தானை அழுத்தியதும் சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பியது. அதற்குள் ஒரு பத்தி நிறைய எழுத்து. மாத்திரை அட்டையோடு வருகிற காகிதத்தை யாராவது படிக்கிறார்களா? சோதனைக்காரர் ‘சம்மதம்’ என்பதை அழுத்தினார். மணி ஒன்றரை.

புதுச் சான்றிதழ் உடனே வந்துவிட்டது. அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்தார்.

அப்போதுதான் அலமாரியில் வரிசையாக வைத்திருந்த சோதனைப் போன்களில் ஒன்றை டிசைனர் பெண் எடுத்துத் தட்டினாள். செயலி திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. இன்னொன்றைத் தட்டினாள். அதுவும் அப்படியே.

“அண்ணா, அந்தச் சிவப்புப் பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு?”

சோதனைக்காரர் மூன்றாவது போனைத் தானே எடுத்துத் தட்டிப் பார்த்தார். அதுவும் மூடிக்கொண்டது. பழைய சான்றிதழின் முத்திரையோடுதான் அத்தனை போன்களிலும் செயலி ஓடிக்கொண்டிருந்தது. சாவி தொலைந்தால் புதிதாக முத்திரை குத்த முடியாது, அவ்வளவுதான். சான்றிதழே போனால் குத்திய முத்திரையெல்லாம் செல்லாது. நூறு போன்களுக்கும் ஒரே நொடியில் அவர் தன் கையாலேயே மூச்சை நிறுத்தியிருந்தார்.

அவர் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது.

“ஏங்க, மோட்டாரைப் போட்டுட்டு அடுப்படிக்குப் போனேன். இப்ப ஆப்பே திறக்கல. மொட்டைமாடியிலேர்ந்து தண்ணி படிக்கட்டுல இறங்குது.”

“சுவிட்ச் பெட்டியில போய் மோட்டாரை நிறுத்து.”

“இனிமே சுவிட்சே தேவையில்லன்னு சொல்லி, பெட்டியைப் பூட்டி சாவியை எடுத்துட்டுப் போனது யாரு?”

அவர் பையைத் திறந்தார். சாவி பத்திரமாக இருந்தது. அன்று தொலையாத ஒரே சாவி.

“மெயினை அணைச்சிடு.”

“சரி.” செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. பிறகு, “அணைச்சிட்டேன். தண்ணி நின்னுடுச்சு. ஆனா லிப்டும் நின்னுடுச்சு.”

“அதனால என்ன?”

“உள்ள வீட்டுக்காரர் இருக்காரு.”

வீட்டுக்காரர் தன் பங்குக்கு லிப்டுக்குள்ளிருந்தே இன்னொரு பக்கம் அழைத்துக்கொண்டிருந்தார். சோதனைக்காரர் அதை எடுக்கவில்லை. மச்சான் அழைத்தான். அதை எடுத்தார்.

“மாமா, எங்க வீட்டுக் கார் நிறுத்துற இடத்துல கார் மிதக்குது.”

“மிதக்குதா?”

“மிதக்கல. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா மிதந்திருக்கும். நீங்க சொன்னீங்கன்னுதானே நான் பதினோரு பேருக்கு இதைப் போட்டுக் கொடுத்தேன்? அதுல ஒருத்தர் என் மேனேஜர் மாமா!”

“புதுசு அனுப்புறேன்டா. லிங்க் வரும், அழுத்தினாப் போதும், பழையபடி ஓடும்.”

“எல்லாரும் மெயினை அணைச்சிட்டு உக்காந்திருக்கோம். மோட்டார் கருவிக்கு நெட் எங்கிருந்து வரும்?”

முதலாளிக்கு இப்போதுதான் விஷயம் மெல்ல விளங்கியது. முகம் வெளுத்தது. ஆனால் தொழில் நடத்துகிறவர் இல்லையா, சமாளித்துக்கொண்டார்.

“இதோ பாருய்யா. நூறு வீட்டுல தண்ணி வழியறது நம்ம குடும்ப விவகாரம். அதை நாளைக்கு ஆளாளுக்குக் கால்ல விழுந்து தீர்த்துக்கலாம். இன்னிக்கு பில்டர் போன் ஒண்ணு ஓடினாப் போதும். ஒண்ணே ஒண்ணு. ஓடுமா?”

“ஓடும்.”

“அப்ப அதைப் பாரு. வர்ற போனையெல்லாம் அணைச்சு வை.”

சோதனைக்காரர் அணைத்தார். மனைவியின் அழைப்பை மட்டும் கடைசியாக அணைத்தார். டிசைனர் பெண் அலுவலகத் தொலைபேசியின் வயரைப் பிடுங்கினாள். சிஸ்டம் ஆசாமி தானாகவே வந்து, “எதையாவது துடைக்கணுமா?” என்று கேட்டுத் திட்டு வாங்கிப் போனார். இரண்டரைக்குப் புது அனுமதிச் சீட்டு தயார். மூன்றேகாலுக்கு முத்திரை குத்திய செயலி தயார். முதலாளி சட்டையை மாற்றிக்கொண்டு, மேசையில் பேனா ஒன்றை வைத்து, அது நேராக இல்லையென்று இரண்டு தடவை நகர்த்தி வைத்தார்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. இறங்கியவர் காக்கிச் சட்டை போட்ட டிரைவர். முட்டிவரை பேண்டை மடித்து விட்டிருந்தார். பெரிய மீசை. கையில் போன்.

“உங்க ஆபீஸ்தானே? இதுல போட்டுக் கொடுக்கச் சொன்னாங்க.”

சோதனைக்காரர் போனை இரண்டு கையாலும் வாங்கினார். செயலியை அனுப்பினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் முளைத்தது. அதற்குள் ஒரு சின்ன வட்டம் மெதுவாக நிரம்பத் தொடங்கியது. நாலு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்தது. நிறைந்தது. தட்டினார். தொட்டியின் படம் நீலமாக, பளிச்சென்று திறந்தது.

டிசைனர் பெண் கைதட்டினாள். முதலாளி சோதனைக்காரரின் தோளைத் தட்டி, “நான் உன்னை என்னிக்கும் சந்தேகப்பட்டதே இல்ல,” என்று கூசாமல் பொய் சொன்னார். சோதனைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் அடி விழுந்தாலும் பரவாயில்லை, நாலு பேருக்கு வேலை மிஞ்சியது.

முதலாளி வாசலை எட்டிப் பார்த்தார். “ஐயா வண்டிக்குள்ள இருக்காரா? கூப்பிடுங்க, அவர் போன் தயாராயிடுச்சு.”

டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டார். “இது என்னோட போனு சார், ஐயா போன்லதான் உங்க பழைய விற்பனை ஆள் போட்டுக் கொடுத்து ஒரு வருஷமா உங்க ஆப் அருமையா ஓடிச்சே, அது பிடிச்சுப்போய்த்தான் எனக்கும் ஒண்ணு போடச் சொல்லி, நாப்பது கட்டடத்துக்கும் கையெழுத்துப் போடறேன்னு கிளம்பினாரு, ஆனா மத்தியானம் ஒன்றரை மணிக்கு அது என்ன ஆச்சோ தெரியல, இப்ப வீடு பூரா தண்ணி, ஐயா கட்டில் மேல ஏறி நிக்கிறாரு.”