கையைத் தூக்குங்கோ சாமி

பண்டத்தரிப்புப் பக்கம் இப்போது நோய் என்று ஒன்றும் கிடையாது. செய்வினை மட்டும்தான் உண்டு.

முதுகு பிடித்தால் செய்வினை. கனடா விசா மறுத்தால் செய்வினை. பெடியன் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டால் செய்வினை. கோழி அடைக்குக் கிடக்காவிட்டால் அதுவும் பக்கத்து வளவுக்காரி வைத்த செய்வினை. இவ்வளவு காலமும் இது தெரியாமல் சனம் ஆஸ்பத்திரி, படிப்பு என்று அநியாயத்துக்கு அலைந்திருக்கிறது, பாவம்!

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் குருஜி. மலையாளத்தில் மாந்திரீகம் படித்தவராம். மலையாளத்தில் ஒரு சொல்லும் அவர் கதைத்து யாரும் கேட்டதில்லை. அதனால் என்ன, மந்திரத்தை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காதல்லவா! அவர் வாடகைக்கு எடுத்த வீட்டு வாசலில் விடிந்தால் ஓட்டோ வரிசை, மோட்டார்சைக்கிள் வரிசை, கச்சான்காரி, ஐஸ்பழக்காரன். சனத்தை வரிசைப்படுத்தி நம்பர்த் துண்டு கொடுப்பவர் ஓய்வு பெற்ற தபாலதிபர் இராசநாயகம். ஊரில் படித்த மனிசன். படித்தவரே நம்பும்போது நாங்கள் யார் கேள்வி கேட்க என்று மற்றவர்கள் நம்பினார்கள். இவ்வளவு சனம் நம்பும்போது நான் யார் கேள்வி கேட்க என்று இராசநாயகம் நம்பினார்.

குருஜியின் வேலை சுத்தமான வேலை. வீட்டுக்கு வருவார். வளவைச் சுற்றி நடப்பார். ஓரிடத்தில் நின்று உடம்பை உதறுவார். "இஞ்சைதான் தாட்டுக் கிடக்கு" என்பார். அலவாங்கு போட்டுக் கிடங்கு வெட்டுவார்கள். குனிந்து கையை உள்ளே விட்டுத் துழாவுவார். வெளியே எடுத்தால், செப்புத் தகடு! அதில் வீட்டுக்காரரின் பெயர் கீறிக் கிடக்கும். சனம் "அரோகரா" என்று கத்தும். பிறகு தட்சணை. அதற்கும் பிறகு ஒரு கட்டளை: வீட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிக் குளிசை எல்லாவற்றையும் அந்தக் கிடங்கிலேயே போட்டு மூட வேண்டும். "இங்கிலீசு மருந்து செய்வினைக்குப் பசளை மாதிரி. போடப் போட வளரும்."

தெருவுக்கு அந்தப் பக்கம் கிராம முன்னேற்றச் சங்கத்தின் கட்டிடம். புதன்கிழமைகளில் நேர்ஸ் நிமலினி முன் அறையில் இருந்து சனத்துக்குச் சீனி பார்ப்பாள், பிறசர் பார்ப்பாள், குளிசை கொடுப்பாள், புண்ணுக்கு மருந்து கட்டுவாள். குருஜி வந்த பிறகு அவள் வெறும் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பின் மண்டபத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு. நடத்துபவர் நவமணி ரீச்சர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், நேரான தையலைத் தவிர வேறெதையும் மன்னிக்காதவர். அவருடைய வகுப்பில் மிக மோசமான மாணவி உதயகலா.

உதயகலா கெட்டிக்காரிதான். வாய் கெட்டித்தனம், கண் கெட்டித்தனம், எல்லாம் உண்டு. தையல் மட்டும் நிற்காது. அவள் தைத்த சட்டையைப் போட்டுத் தும்மினால் தோள் பிரியும். "உன்ரை தையலும் அரசியல்வாதியின்ரை வாக்கும் ஒண்டடி, பிரிச்சுத் தை" என்பார் ரீச்சர். அவளும் பிரித்துத் தைப்பாள். அதுவும் பிரியும்.

அவளுக்கு அந்த மாதம் தையலை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மாமி பூரணத்தின் கால்.

பூரணம் வெங்காயத் தோட்டத்தில் நின்று ஆம்பிளைகளை வேலை வாங்குகிற மனுசி. சீனி வருத்தம். செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண், சுண்டுவிரலில். நோகவில்லை என்று விட்டுவிட்டார். நோகாததுதான் ஆபத்து என்று நிமலினி தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். "அம்மா, இப்ப எண்டால் விரலோடை போகும். பிந்தினால் காலையும் காப்பாத்தேலாது." விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. பூரணமோ குளிசையை நிறுத்திவிட்டுக் குருஜியிடம் நாள் குறித்து வந்துவிட்டார்.

"மாமி, கால் மாமி! கால் என்ன வெங்காயமே, அழுகினதைப் பிடுங்கிப்போட்டு அடுத்த போகம் நட?"

"எடி பிள்ளை, உனக்கு விளங்காது. மூண்டு வரியமா வளவிலை தகடு கிடக்காம். அதுதான் காலைப் பிடிச்சு இழுக்குது."

"ஆர் சொன்னது?"

"குருஜி."

"குருஜிக்கு ஆர் சொன்னது?"

"உந்த விசர்க் கேள்வியளாலைதான் உன்ரை தையலும் நிக்குதில்லை" என்றார் பூரணம்.

கட்டாரில் வேலை செய்யும் கணவன் வாகீசனிடம் உதயகலா அழுதாள். அவன், "அம்மாவின்ரை மனசை நோகடிக்காதை, வெள்ளிக்கிழமை எடுக்கட்டும், நான் வீடியோவிலை பாக்கிறன்" என்றான். அங்கே வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது போலும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பனங்கருக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. யாரோ வீட்டுப் பனைமட்டை வேலியில் குருஜியின் காவி ஜிப்பா மாட்டிக் கையோடு கிழிந்தது. கோயில் திருவிழாக் காலம், யாழ்ப்பாணத்து ரெயிலர்மாருக்கு மூச்சு விட நேரமில்லை. அதோடு ரெயிலர்மார் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். தையல் வகுப்புப் பெட்டையள் சொன்னதைச் செய்வார்கள் என்று நினைத்தார் குருஜி. துணியும் அளவும் இராசநாயகத்தின் கையால் வகுப்புக்கு வந்து சேர்ந்தன. வகுப்புக்குக் கிடைத்த முதல் வெளி ஓடர்! மற்றவர்கள் தங்கள் திருவிழாச் சட்டைகளோடு இருக்க, வேறு ஆள் இல்லாமல், ரீச்சர் அதை உதயகலாவிடம் கொடுத்தார்.

இரண்டு கைக்குள்ளும் ஒவ்வொரு பை வேண்டுமாம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். வாயில் ஒரு அமுக்குப் பொத்தான். ஒன்று திருநீறு வைக்க, மற்றது சந்தனம் வைக்க.

உதயகலா ஒரு பையைப் பொருத்திப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"ரீச்சர், பையின்ரை வாய் மணிக்கட்டுப் பக்கமெல்லோ கிடக்கு. கையைத் தொங்கவிட்டால் வாய் கீழை. பொத்தான் கழண்டால் திருநீறு முழுக்க நிலத்திலை. திருநீறு வைக்கிறவன் ஏன் தலைகீழா வைக்கிறான்?"

"நான் கர்த்தரைக் கும்பிடுறனான். உங்கடை நீற்றைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அளவுக்குத் தை."

உதயகலா சிறிய கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள். ஜிப்பாவை மாட்டினாள். குனிந்து, நிலத்தில் எதையோ துழாவுகிற மாதிரி கையை நீட்டிப் பொத்தானை விரலால் தட்டினாள். கத்தரிக்கோல் வழுக்கி வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ரை ஏசப்பா!" என்றார் ரீச்சர்.

"இப்பவே போய்ச் சொல்லப் போறன்."

"ஆருக்கு? உன்ரை மாமிக்கோ? நீ பொறாமையிலை சொல்லுறாய் எண்டுவா. சனம் தன்ரை கண்ணாலை காணவேணுமடி." ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தன் வாழ்நாளில் எந்த மாணவிக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "பையின்ரை மேல் பக்கத்தை, முழங்கைப் பக்கத்தை, மெசினிலை அடியாதை. நூலோட்டம் மட்டும் ஓடி விடு."

நூலோட்டம் என்றால் துணியைச் சும்மா பிடித்து வைக்க ஓடுகிற இளகின தையல். பாரம் விழுந்தால் அறும். அதாவது, கையை உயரத் தூக்கினால், பைக்குள் இருப்பது கீழே முழங்கைப் பக்கம் வழுக்கும், தையல் அறும், சாமான் கமக்கட்டு வழியாக ஜிப்பாவுக்குள் இறங்கி நிலத்துக்கு வரும். சாமிக்கு முன் கையைத் தூக்கிக் கும்பிடாத சாமியார் உண்டா?

வெள்ளிக்கிழமை காலை பூரணத்தின் வளவில் சனம் நிறைந்துவிட்டது. மாமரத்தடியில் கிடங்கு வெட்டியாயிற்று. சிவந்த மண் குவிந்து கிடந்தது. பூரணம் காலைச் சீலையால் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். மடியில் குளிசைப் பை. புதைப்பதற்குத் தயார். நவமணி ரீச்சர் கூட வேலியோரம் வந்து நின்றார், தையல் எப்படி இருக்கிறது என்று பார்க்கவாம். உதயகலா கைத்தொலைபேசியைப் பிடித்திருந்தாள். அதற்குள் கட்டாரிலிருந்து வாகீசன்.

குருஜி புது ஜிப்பாவில் ஜொலித்தார். உதறினார். உறுமினார். கிடங்குக்குள் கை விடப் போனார்.

"சாமி!" என்றாள் உதயகலா. "முதல் முருகனைக் கும்பிட்டிட்டுத் தொடங்குங்கோவன். எல்லாரும் கையைத் தூக்குங்கோ! அரோகரா!"

சனம் கையைத் தூக்கியது. குருஜியும் தூக்கினார். உதயகலா ஜிப்பாவின் அடி விளிம்பைப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"அரோகரா!" மறுபடியும் தூக்கினார்கள். ஒன்றும் விழவில்லை.

அட நாசமே! வாழ்க்கையில் ஒரு தையல் நின்றதில்லை. இன்றைக்குத்தானா நிற்க வேண்டும்? வேலியோரம் நின்ற ரீச்சரைப் பார்த்தாள். ரீச்சர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் போலும். குருஜி மறுபடியும் குனிந்தார். பூரணம் குளிசைப் பையைக் கையில் எடுத்தார்.

"சாமி, சாமி! என்ரை மனுசன் கட்டாரிலையிருந்து பாக்கிறார். ஒரு ஆசீர்வாதம்! உயரத் தூக்கி, நல்லா ஆட்டிவிடுங்கோ, அங்கை நெற் சரியில்லை, படம் தெளிவில்லை."

வெளிநாடு என்றதும் குருஜியின் முகம் மலர்ந்தது. வெளிநாட்டு ஆசீர்வாதத்துக்கு வரும்படி வேறு. இடக்கையை வானத்துக்குத் தூக்கி, கப்பலை வழியனுப்புகிற மாதிரி ஆட்டினார்.

டிர்ர். பிறகு, ணங்!

ஜிப்பாவுக்குள்ளிருந்து இறங்கிய செப்புத் தகடு அலவாங்கில் பட்டு, குருஜியின் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"அம்மா, உதென்ன விழுந்தது?" என்றது கட்டார்.

குருஜி லேசான ஆள் இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் சுதாரித்துவிட்டார். "பாத்தியளோ! என்ரை மந்திரத்துக்குப் பயந்து, தகடு தானாப் பூமியை விட்டுப் பாய்ஞ்சு வந்திட்டுது!"

"அரோகரா!" என்றது சனம்.

உதயகலாவுக்கு அழுகை வந்துவிட்டது. கேட்கிறவன் கேணையன் என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும் என்பார்கள். இங்கே எருமை ஓட்டியது மட்டுமில்லை, சனம் ஏறியும் உட்கார்ந்துவிட்டது. இனி யார் என்ன சொல்லி என்ன!

"அதை இஞ்சை தா பாப்பம்" என்றார் பூரணம்.

தகட்டை வாங்கினார். பெருவிரலால் தேய்த்தார். வாழ்நாள் முழுக்க மண்ணில் கிடந்த விரல் அது. மறுபக்கம் திருப்பித் தேய்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"சாமி, இது எவ்வளவு காலம் தாட்டுக் கிடந்தது எண்டனியள்?"

"மூண்டு வரியம்."

"எங்கடை செம்மண்ணிலை ஒரு கிழமை கிடந்த வெங்காயத்தைக் கழுவவே வாளி வாளியாத் தண்ணி வேணும். மூண்டு வரியம் கிடந்த தகட்டிலை மண் எங்கை? ஏன் பவுடர் மணக்குது?"

ஐஸ்பழக்காரன் கூட மணியை நிறுத்திவிட்டான்.

"அது... துஷ்ட சக்தி மண்ணை..."

"மற்றக் கையையும் தூக்குங்கோ சாமி" என்றார் பூரணம்.

குருஜி வலக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இராசநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. "இந்த மனுசிக்கு ஒருக்காத் தூக்கிக் காட்டுங்கோ குருஜி, வாயை மூடட்டும்" என்று பக்தியோடு போய்ப் பிடித்துத் தூக்கினார். குருஜி இழுத்தார். இராசநாயகமும் இழுத்தார். சர்ரென்று வலக்கைத் துணி தோளோடு கழன்று இராசநாயகத்தின் கையில் வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தகடு விழுந்தது.

இராசநாயகம் எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "இ... ரா... ச... நா..."

அன்று பின்னேரம் குருஜி வருவதாக இருந்தது அவருடைய வீட்டுக்கு.

"ஓ!" என்றார் தபாலதிபர், மெல்ல. "எனக்குச் செய்வினை வைச்சது ஆர் எண்டு இப்பதான் தெரியுது."

பிறகு நடந்ததை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. குருஜி வேலி பாய்ந்தார். பனங்கருக்கு மிச்ச ஜிப்பாவையும் வாங்கிக்கொண்டது. மலையாளத்தில் படித்தவர், ஓடும்போது "ஐயோ அம்மா" என்று சுத்த யாழ்ப்பாணத் தமிழில் கத்தினார். கோபிசங்கர் என்று பெயராம், வஸ் கொண்டக்டராக இருந்தவராம் என்று பொலிஸ் நிலையத்தில் வெளிவந்தது.

"ஏனடி, தோளுக்குமா நூலோட்டம் ஓடினனி?" என்றார் நவமணி ரீச்சர்.

"இல்லை ரீச்சர். அது என்ரை வழமையான தையல்."

அடுத்த புதன்கிழமை நிமலினியின் கதிரைகள் போதவில்லை, சனம் மண்டபத்தில் தையல் மெசின்களுக்கு நடுவில் நின்றது. ஊரெல்லாம் மூடிய கிடங்குகளைத் திரும்ப வெட்டினார்கள். ஒரு வளவிலும் செய்வினை இல்லை. எல்லா வளவிலும் சீனிக் குளிசையும் பிறசர்க் குளிசையும் ஊறிக் கரைந்து கிடந்தன. ஊருக்கு ஊரே தாட்டு வைத்த செய்வினை அதுதான், அதுவும் தன் கையாலேயே.

பூரணத்தை அந்த வெள்ளிக்கிழமையே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாள் உதயகலா. சுண்டுவிரல் போய்விட்டது. கால் நின்றது. இப்போது புதன்கிழமைகளில் அவர்தான் வாசலில் கதிரை போட்டு இருந்து சனத்துக்குத் துண்டு கொடுக்கிறார். அளவெட்டியில் ஒரு மனுசிக்கு அம்மன் உரு வந்திருக்காம், அவ தொட்டாலே சீனி இறங்குதாம் என்று போன கிழமை யாரோ வந்து கதை விட்டார்கள். பூரணம் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார்.

"யோசிக்காமல் நம்பினதுக்கு நான் குடுத்த தட்சணை இது. போறவை போங்கோ. ஆனால் எண்ணிப் பாத்திட்டுப் போங்கோ, ஆளுக்குப் பத்து விரல்தான் கிடக்கு."