கழுத்தளவுத் தண்ணீரில்

இந்தக் காலத்தில் யாரும் எதையும் உருப்படியாக முடிப்பதில்லை. ஒரு கதையைக்கூட முழுசாகப் படித்துக் காட்டுவதில்லை. பெரியவருக்கு மருமகள்மேல் ஆத்திரம்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தே கிடந்தவருக்கு அவள்தான் தினமும் புத்தகம் வாசித்தாள். புதையல் கதை. வட்டக் கதவு போட்ட இரும்புக் குகை. ரகசியக் குறிப்பின்படி பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் திறக்கும். பிசகினால் உள்ளே தண்ணீர் ஏறும்.

"கூட்டாளிப் பய கதவைச் சாத்திடுவான் பாரு" என்றார் பெரியவர். லாரி ஓட்டிய காலத்திலிருந்தே யாரையும் நம்பாதவர்.

சாத்திவிட்டான். உள்ளே போன கதாநாயகனுக்குக் கழுத்தளவுத் தண்ணீர். அங்கேயே நிறுத்திவிட்டு, ஆபீஸ் வேலை என்று மருமகள் வெளியூர் போய்விட்டாள்.

போன் போட்டார்.

"அவன் பொழைச்சானா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"நானே இன்னும் அந்த இடத்துக்கு வரல மாமா."

எதையோ மறைக்கிறாள். முடிவு தெரியாமல் கண்ணில் சொட்டு மருந்து விடக்கூடாது என்று அடம்பிடித்து உட்கார்ந்தார். மனைவி மருந்துப் புட்டியோடு வந்து நின்றாள்.

"கண்ணு போயிடும்ங்க. அவன் பொழைச்சுட்டான். போதுமா? மருந்து விடட்டா?"

"புஸ்தகத்தைத் தொறக்காமலே படிக்கிறியா நீ?"

புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தார். கடைக்காரர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, இதுல புதையலே இல்லையே."

"கூட்டாளி அள்ளிட்டான். எனக்கு அப்பவே தெரியும்."

"அதில்லைங்க, இது வந்து..."

பெரியவர் படியிறங்கிவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சமையலறையிலிருந்தபடி அவளும் தினமும் கதை கேட்டவள்தான்.

"அப்ப அந்தப் புள்ள தண்ணியிலேயே போயிட்டானா? உங்கள யாரு போய்க் கேக்கச் சொன்னது?"

அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். இப்போது மருந்தும் இல்லை, சோறும் இல்லை.

வாசலில் கருவிப் பையோடு ஓர் ஆள் வந்து நின்றான்.

"உங்க மருமக போன் பண்ணாங்க. துணி துவைக்கிற மெஷின் கதவு தொறக்கலையாமே. அதோட வந்த புஸ்தகம் உங்ககிட்டதான் இருக்குன்னாங்க. அட, கையிலயே வெச்சிருக்கீங்க."

பெரியவர் புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். மங்கலாக ஒரு வட்டக் கதவு தெரிந்தது. சுற்றிலும் அம்புக்குறிகள்.

"கதவைத் தொறக்கிற குறிப்பு வேணுமாம் இவனுக்கு. யாரு அனுப்பின ஆளுன்னு எனக்கா தெரியாது?"

புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார்.