செந்தூர்பாண்டி ஓகே போட்ட அழைப்பிதழ்

தன் வீட்டு அழைப்பிதழிலாவது தன் பெயர் முதலில் வரவேண்டும் என்று செந்தூர்பாண்டி தமது ஐம்பத்து நான்காவது வயதில் முடிவெடுத்தார்.

சின்ன ஆசைதான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் சரித்திரம் பெரிது. மன்னர்கள் மண்ணுக்காகப் போட்ட சண்டைகளைப் பாடப் புத்தகத்தில் எழுதியவர்கள், விருதுநகர்ப் பக்கத்தில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே யார் பெயர் முதலில் என்பதற்காக நடந்த சண்டைகளை எழுதாமல் விட்டுவிட்டார்கள். எழுதியிருந்தால் பிள்ளைகளால் புத்தகப் பையைத் தூக்கியிருக்க முடியாது.

ஒரே ஒரு சண்டையை மட்டும் சொல்கிறேன். செந்தூர்பாண்டியின் அக்கா தங்கத்தாய் மல்லாங்கிணற்றில் தன் பேத்திக்குக் காது குத்தினாள். அழைப்பிதழில் குடும்பத்துக்கு மூத்தவரான அண்ணாச்சி சங்கிலிமுத்துவின் பெயர் மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. சங்கிலிமுத்து நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். விழாவுக்கு வந்தார். பந்தியில் உட்கார்ந்தார். இலையில் உப்பு வைக்கும்வரை பொறுத்தார். பிறகு எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார். ஒன்றரை வருஷமாக அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அதே அழைப்பிதழில் செந்தூர்பாண்டியின் பெயர் பதினான்காவது. அவருக்கு முன்னால் இருந்த பதின்மூன்று பேரில் ஒருவர் காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது.

இத்தனைக்கும் அச்சுதான் அவர் தொழில். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறார். மெஷின் ஓடுமுன் ஒற்றைத் தாள் ஒன்று அவர் மேஜைக்கு வரும். அமாவாசை சரியா, ஏகாதசி சரியா, ராகு காலம் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, சிவப்பு மையில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்கப்புறம் அடுத்த தாளை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

“பிளேட்டு ஒண்ணு. அதுல அடிக்கிற லட்சமும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஒரு காப்பி பாத்தா லட்சம் காப்பி பாத்தாப்புல” என்பார். அவர் வாழ்க்கையில் சந்தேகப்படாத உண்மைகள் இரண்டு. இது முதலாவது. இரண்டாவது, தான் பாலம்மாளைவிடக் கெட்டிக்காரன் என்பது.

பாலம்மாள் அவர் மனைவி. பத்தாம் வகுப்பு. அவளைக் கல்லூரியில் சேர்த்ததே தான்தான் என்று செந்தூர்பாண்டி ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஆனால் நடந்தது வேறு விதம்.

போன ஆடியில் கம்பெனி முதலாளியின் மகன், “அண்ணாச்சி, இனிமே புரூஃபெல்லாம் வேர்டுல வரும். கம்ப்யூட்டர்லயே பாத்துத் திருத்திருங்க” என்று சொல்லிவிட்டான். விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் சனிக்கிழமை மத்தியானம் ஊர்ப் பெண்களுக்கு வேர்ட் வகுப்பு நடந்தது. ஆண்களும் வரலாம், ஆனால் வீட்டுப் பெண் ஒருவரோடு வந்தால்தான் காவலாளி கேட்டைத் திறப்பார். ஆகவே செந்தூர்பாண்டி பாலம்மாளைக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்குப் படிப்பு, அவருக்கு கேட் பாஸ்.

வகுப்பு எடுத்தவர் ஹெப்சிபா டீச்சர். பொறுமைசாலி. முதல் வாரம் தட்டச்சு. இரண்டாம் வாரம் எழுத்தைத் தடிமனாக்குவது. தடிமனாக்கத் தெரிந்ததும் செந்தூர்பாண்டி தம் பெயரை எழுதி, தடிமனாக்கி, பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, ‘செந்’ மட்டும் ஒரு பக்கம் முழுக்க நிற்கும்வரை கொண்டுபோனார். பாலம்மாள் பக்கத்தில் சத்தமில்லாமல் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறாவது வாரம் டீச்சர், “இன்னைக்கு மெயில் மெர்ஜ். கடிதம் ஒண்ணு, பேர்ப் பட்டியல் ஒண்ணு. ரெண்டையும் சேத்தா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிக் காப்பி வரும்” என்றார்.

“தபால் வேலையெல்லாம் எனக்கு எதுக்கு டீச்சர்? நான் அச்சுக்காரன். இவளுக்குச் சொல்லிக் குடுங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.”

டீ குடித்துவிட்டு வந்தார். காவலாளி உள்ளே விடவில்லை. “கூட வந்த அம்மா எங்க?” என்று கேட்டார். அம்மா உள்ளே இருந்தாள். விதி விதிதான். வகுப்பு முடியும்வரை செந்தூர்பாண்டி சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து, சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையில் மூன்று எழுத்துப்பிழைகள் கண்டுபிடித்தார். அந்த மத்தியானம் வீண் என்று சொல்ல முடியாது.

புது வீடு கட்டி முடிந்தது. தை மாதம் புதுமனை புகுவிழா. மார்கழியில் ஒருநாள் காலையில், இட்லிக்கு நடுவில், அவர் தம் முடிவை அறிவித்தார்.

“என் பேருதான் முதல்ல.”

“என்னங்க, பெரியத்தான் பேரை முதல்ல போட்டுருவோம். வம்பில்லாமப் போயிரும்.”

“அண்ணாச்சி பேரு ரெண்டாவது.”

“எங்க அண்ணன் பேரு?”

“மாரிசாமி மச்சான் பேரு ஆறாவது.”

“ஆறாவதா? மணலு, ஜல்லின்னு அவுக லோடு லோடா எறக்குனப்போ நீங்க வரிசை பாக்கலையே?”

“அது கட்டடம். இது அச்சு.”

“தங்கத்தாய் மதினி?”

“எட்டு. என்னைய பதினாலுல போட்டவளை நான் எட்டுல போடுறேன். என் மனசு அம்புட்டுப் பெருசு.”

“பெரியத்தானும் மதினியும் ஒரே பந்தியில உக்காரணும்னு நான் நேந்துக்கிட்டு இருக்கேன். நீங்க இருக்கவுகளையும் வெரட்டப் பாக்கீக. ஒருத்தரும் வரமாட்டாக. காலி வீட்டுல நாம ரெண்டு பேரும் பால் காய்ச்சிக் குடிக்க வேண்டியதுதான்.”

“குடிப்போம். கார்டைப் பாத்துக்கிட்டே குடிப்போம்.”

பாலம்மாள் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கணவனின் முகத்தில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று அளப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“சரி, ஒங்க பேரே முதல்ல இருக்கட்டும். ஆனா கார்டு போடுற வேலைய எங்கிட்ட விட்டுருங்க. காலேசுல படிச்சதை நானும் செஞ்சு பாக்கணும்ல?”

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் செந்தூர்பாண்டிக்கு லேசான ஏமாற்றம்தான். ஆனாலும் பெருமை தாங்கவில்லை. கம்பெனியில் பைண்டிங் பகுதிவரை போய், “என் வீட்டம்மா வேர்டுல கார்டே போடுறா. நான் சேத்துவிட்ட காலேசு” என்று சொல்லிவிட்டு வந்தார்.

நாலாம் நாள் பாலம்மாள் ஒற்றைத் தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஓரத்தில் மாவிலைக் கோடு. நடுவில் குத்துவிளக்கு. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே, முதலில், தடிமனாக: செந்தூர்பாண்டி – பாலம்மாள். அவர் அதை மூன்று முறை வாசித்தார். பிழை தேடி அல்ல.

“கீழே என்னமோ போட்டிருக்க? ‘அழைப்பிதழை வாசலில் உள்ள பெட்டியில் போடவும், குலுக்கலில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் பரிசு’. இது எதுக்கு?”

“பரிசுன்னா சனம் வரும்ல.”

“பட்டாசு ஊருல பட்டாசுக்கு வருவாகளா?”

“ஓசின்னா வருவாக. நீங்க ஓகே போடுங்க.”

சிவப்பு மையில் ‘ஓகே’ போட்டுக் கையெழுத்திட்டார்.

“டிஜிட்டல் பிரஸ்ல குடுக்கேன். அடிச்சு வந்ததும் கட்டைப் பிரிச்சுப் பாக்கீகளா?”

“எதுக்கு? ஒரு காப்பி பாத்தா லட்சம் காப்பி பாத்தாப்புல.”

“அப்படிச் சொல்லுங்க” என்றாள் பாலம்மாள், மிகுந்த மரியாதையோடு.

அந்தத் தாளை அவளே கண்ணாடிச் சட்டம் போட்டும் கொடுத்தாள். ஹாலில் உடனே மாட்டவேண்டும் என்று அவர் துடித்தார். “கண்ணு பட்டுரும். விழா முடியட்டும்” என்று அவள் அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்ததால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் பாலம்மாளே ஒட்டிய கவர்களோடு போய், குங்குமம் வைத்து அழைத்துவிட்டு வந்தாள்.

விழா அன்று காலையில் செந்தூர்பாண்டி பட்டுவேட்டி கட்டி வாசலில் நின்றார். பக்கத்தில் பாலம்மாள், கையில் சந்தனம். அவள் காலருகே பூட்டுப் போட்ட பெட்டி.

முதல் காரே நாரணாபுரத்துக் கார்.

சங்கிலிமுத்து இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி அழகுமீனா. இறங்கிய வேகத்தில் அண்ணாச்சி தம்பியைக் கட்டிப்பிடித்தார். “ஏலே பாண்டி! இந்தக் குடும்பத்துல மொறை தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தாம்லே!”

செந்தூர்பாண்டிக்கு மூச்சு முட்டியது. இரண்டாம் இடத்துக்கா இவ்வளவு அணைப்பு? சமாளித்துக்கொண்டு, “மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணாச்சி. யாரு பேரு எங்கன இருக்கணுமோ அங்கனதான் இருக்கணும்” என்றார்.

“அதைத்தாம்லே ஒன்றரை வருசமாச் சொல்லுறேன்! எவன் கேக்கான்?”

“அத்தான், கார்டைப் பெட்டியில போட்டுருங்க. பரிசு இருக்கு” என்றாள் பாலம்மாள். வருஷத்துக்கு ஆயிரம் கிஃப்ட் பாக்ஸ் விற்கிற மனிதர், ஒரு கிஃப்ட் பாக்ஸுக்காகக் கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, மடிப்புக் கலையாமல் விழுந்ததா என்று குனிந்தும் பார்த்தார்.

அடுத்து மாரிசாமி. “மாப்ளே, ஒங்களுக்கு இம்புட்டுப் பெருந்தன்மை இருக்கும்னு நான் கனவுல கூட நெனைக்கல” என்று கையைப் பிடித்து ஆட்டினார். ஆறாவது இடமே இப்படி என்றால் நாலாவது கொடுத்திருந்தால் காலில் விழுந்திருப்பார் என்று செந்தூர்பாண்டி நினைத்துக்கொண்டார். தங்கத்தாய் தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். பெட்டியில் கார்டு விழுந்தது.

பந்தியில் சங்கிலிமுத்துவும் தங்கத்தாயும் அடுத்தடுத்த இலை. உப்பு வந்தது. யாரும் எழவில்லை. சங்கிலிமுத்து பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “தங்கச்சிக்கு இன்னொரு வடை வையி” என்றார்.

இதைப் பார்த்த செந்தூர்பாண்டிக்கு மார்பு விரிந்தது. உறுதியாக நின்றால் உலகம் வழிக்கு வரும். கார்டில் முதல் பெயர் போட்டார். குடும்பமே ஒன்று சேர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட மனிதன் ஓரமாக நிற்கலாமா? குலுக்கல் நேரம் வந்ததும் மைக்கைத் தாமே வாங்கினார்.

“வீட்டுக்காரன் நான். சீட்டை நானே எடுக்கேன்.”

“வேண்டாங்க, நான் எடுக்கேன்” என்றாள் பாலம்மாள். அன்று முழுவதும் அவள் குரல் மாறியது அந்த ஒரு தடவைதான்.

“நீ இரு.” பெட்டிக்குள் கை விட்டார். ஒரு கார்டை எடுத்தார். புரூஃப் பார்த்துப் பழகிய கண் தானாக ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வரிக்குப் போயிற்று. கீழே, தடிமனாக: சங்கிலிமுத்து – அழகுமீனா.

அச்சுப்பிழை என்று நினைத்தார். இன்னொன்றை எடுத்தார். முதலில் மாரிசாமி. இன்னொன்று. முதலில் தங்கத்தாய்.

மூன்று காப்பி. மூன்றும் வேறு வேறு. பஞ்சாங்கத்தில் ஒரே மாதத்தில் மூன்று அமாவாசை வந்திருந்தால்கூட அவர் இப்படி அதிர்ந்திருக்கமாட்டார்.

“யாரு பேருலே முதல்ல வந்திருக்கு? சத்தமா வாசி!” என்றார் சங்கிலிமுத்து.

“கார்டைத் தூக்கிக் காட்டுங்க மாப்ளே, எல்லாரும் பாக்கட்டும்” என்றார் மாரிசாமி.

செந்தூர்பாண்டி பார்த்தார். அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒரே தட்டில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். பாலம்மாள் மேலே ஓடாத ஃபேனைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கார்டுகளும் அவருடைய சட்டைப் பைக்குள் போயின.

“பரிசு... பக்கத்து வீட்டு முத்துமாரிக்கு!”

“எனக்கா?” என்று எழுந்தாள் முத்துமாரி. “நான் கார்டே கொண்டாரலையே அண்ணாச்சி?”

“அதுக்குப் பேருதான் அதிர்ஷ்டம்!” என்று சொல்லி, கிஃப்ட் பாக்ஸை அவள் கையில் திணித்து, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். பாலம்மாள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

“என்ன பாலம்மா இது?”

“மெயில் மெர்ஜுங்க. நீங்க சைக்கிள் ஸ்டாண்டுல இருந்தீகள்ல, அன்னைக்கு நடத்துனது. பேரு வரிசைய மாத்தி மாத்தி அட்டவணை போட்டேன். அவுகவுக கார்டுல அவுகவுக பேரு முதல்ல.”

“ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட்டுப் பாத்திருந்தா?”

“அதுக்குத்தான் பெட்டி.”

“சொந்தக்காரங்க இல்லாத வெளியாளுகளுக்கு?”

“பெரியத்தான் பேரு முதல்ல. யாரு பேரு எங்கன இருக்கணுமோ அங்கனதான் இருக்கணும்னு காலையில நீங்களே வாசல்ல சொன்னீகளே.”

கோபம் வரவேண்டிய இடம். அது பாதிதான் வந்தது. வெளியே அண்ணாச்சியின் சிரிப்புச் சத்தமும் அக்காவின் சிரிப்புச் சத்தமும் கலந்து கேட்டன. சிவகாசி மொத்தத்திலும் எந்த அச்சுக்காரன் வீட்டில் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது? பத்தாம் வகுப்பு! நான் சேர்த்துவிட்ட காலேஜ்! மீதிப் பாதி இடத்தைப் பெருமை பிடித்துக்கொண்டது. போகட்டும், பீரோவுக்குள் கண்ணாடிச் சட்டத்தில் ஒன்று இருக்கிறது. அதில் அவர் பெயர்தான் முதலில். அதை எந்த மெர்ஜும் மாற்ற முடியாது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி, நல்லதுதான். என் பேரு முதல்ல போட்டது மொத்தம் எத்தனை காப்பி அடிச்ச? பீரோவுல இருக்கது ஒண்ணு. வேற?”

பாலம்மாள் அவர் தோளில் விழுந்திருந்த பட்டுத்துண்டைச் சரிசெய்தாள்.

“அது காப்பி இல்லங்க. நீங்க ஓகே போட்ட புரூஃப்பு.”