ராஜா போட்ட பூட்டு

என் மனைவியைக் கேலி செய்து ஒரு கதை எழுதிவிட்டேன். சாயங்காலத்துக்குள் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் அவள் பார்த்தால் தீர்ந்தேன். பேச்சும் இருக்காது, சாப்பாடும் இருக்காது. வீட்டில் இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர். பூட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் போனில் வழி சொன்னார்.

"அண்ணே, பூட்டுற சாப்ட்வேர் அதுலயே இருக்கு. செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து, எந்த சைஃபர் முதல்ல, எது அடுத்ததுன்னு வரிசையா எழுதுங்க."

"சைஃபர்னா?"

"எழுத்தைக் கலைச்சுப் போடுற முறைண்ணே. பலமானது மேல இருக்கணும்."

எழுதினேன். நாலாவது வரியில் பிழை என்றது. திருத்தினேன். ஐந்தாவது வரியில் பிழை என்றது. ஒரு புள்ளி குறைந்தாலும் கோபம், கூடினாலும் கோபம். இந்த வீட்டுக்கு ஒருத்தி போதாதா?

ஒருவழியாக அடங்கிக் கடவுச்சொல் கேட்டது. 'சிங்கம்' என்று அடித்தேன். பலவீனமானது என்றது. 'மாவீரன்' என்றேன். மிகவும் பலவீனமானது என்றது. இதைச் சொல்ல மெஷின் எதற்கு? கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். ஆத்திரத்தில் எதையெதையோ அடித்தேன். ஏதோ ஒன்று பிடித்துப்போய்ப் பூட்டிக்கொண்டது.

எது பிடித்தது? அதுதான் ஞாபகமில்லை.

"கதையை மறந்துடுங்கண்ணே," என்றார் மெக்கானிக். "நீங்க மேல போட்ட சைஃபர் அவ்வளவு பலம்."

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, 'இந்த வீட்டுக்கு நான்தான் ராஜா'ன்னு போட்டுப் பாருங்க. கடைசியா அதைத்தான் அடிச்சீங்க."

போட்டேன். திறந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒத்தை விரலால அடிச்சுக்கிட்டே ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்றீங்களே."

"அப்போ... கதை?"

"அதையும் அப்படித்தானே அடிச்சீங்க? எதிர்வீட்டுக்காரி தினமும் ஜன்னலோரம் வந்து உக்காந்துடுவா."

"கோபமில்லையா?"

"எதுக்கு? நல்லாத்தான் இருக்கு. முடிவுதான் ஒட்டலை. புருஷன் ஜெயிக்கிறான். யாரு நம்புவா? நகருங்க."

நகர்ந்தேன். பத்து விரலாலும் அடித்தாள். வாயைத் திறக்கவே இல்லை. அனுப்பினாள். கடவுச்சொல்லை மாற்றிப் பூட்டினாள். எழுந்து போய்விட்டாள்.

என் கதையின் முடிவை நான் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கித்தான் தெரிந்துகொண்டேன்.