சரலுக்கு வந்த சோதனை

பதிவு நோட்டில் ‘பெண்கள்’ என்று தலைப்பிட்ட பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. சவாரிக்கு இன்னும் இருபது நாள்தான்.

ஜெபசீலனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே, செம்மண்ணும் சிறுகல்லும் கலந்த சரல்பாதையில் ஞாயிறுதோறும் சைக்கிள் மிதிக்கும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சங்கத்தில் ஆறு பேர். ஆறும் ஆண்கள். ஆறு பேரிடமும் தடித்த டயர் போட்ட, மோட்டார் பைக் விலைக்கு வாங்கிய சைக்கிள்கள்.

“கூலி வேலைக்குப் போற பொம்பளையளும் சரல்ல மிதிக்கணும்” என்று போன கூட்டத்தில் அவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டார். நன்கொடைச் சவாரி ஒன்று நடத்தி, சேரும் பணத்தில் பத்துப் பெண்களுக்குத் தடித்த டயர் சைக்கிள் வாங்கித் தருவதாக முடிவாயிற்று. நன்கொடை தர ஆள் இருந்தது. பத்துப் பெண்கள்தான் இல்லை.

“பொம்பளையோ வரல்லன்னா செயலாளர் பதவிய விட்டிரும் ஓய்” என்றார் தலைவர் ஆபேல்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளரவமின்றிப் பார்த்தே பழகிய பாதையோரத்துச் செங்கல் சூளைக்குப் போனார் ஜெபசீலன். அங்கே கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவள் பூங்கனி.

“சைக்கிள் ஓட்டத் தெரியுமாக்கா?”

“ஏதோ உருட்டுவோம் சார்.”

“சரல்ல ஒரு தடவ மிதிச்சுப் பாருங்க. அதுல உள்ள சொகமே தனியாக்கும்.”

பூங்கனி பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கம் என்று ஜெபசீலன் நினைத்துக்கொண்டார்.

“பத்து பேரு வாறோம். ஆனா ரெண்டு பக்கமும் உடைமுள்ளு கெடக்கே சார்?”

முள்தானே என்று ஜேசிபி பிடித்தார். ஜேசிபி முள்ளை அள்ளியது. கூடவே பாதையையும் அள்ளியது. அடுத்து வந்த மழையில் பள்ளமெல்லாம் நிறைந்து, இரண்டு எருமைகள் அதில் இறங்கிச் சுகமாகப் படுத்துக்கொண்டன.

“இனி ஒங்கள வீட்டுல விடுவாங்களாக்கா?” என்று பூங்கனியிடம் வந்து நின்றார்.

“கொடி அசைக்கதுக்கு ஒரு பெரிய ஆப்பீசரக் கூப்பிடுங்க சார். ஆப்பீசர் வாறாருன்னா பள்ளமா மேடான்னு எங்க ஆளுவ கேக்க மாட்டாவ.”

அலைந்து திரிந்து ஒரு பெரிய அதிகாரியைச் சம்மதிக்க வைத்தார். நோட்டீசும் அடித்தார். அதில் ஊராட்சித் தலைவர் நாராயணபெருமாளின் பெயர் விட்டுப்போயிற்று. நம்மூரில் கல்யாணத்துக்குத் தாலியை மறந்தாலும் சமாளித்துவிடலாம், நோட்டீசில் ஒரு பெயரை மறந்தால் சமாளிக்க முடியாது. நாராயணபெருமாள் நோட்டீசும் கையுமாக வீட்டுக்கே வந்துவிட்டார். ஜெபசீலன் பதறிப்போய், அவர் பெயரை அதிகாரிக்கும் மேலே போட்டு மறுபடி அடித்தார். மனம் குளிர்ந்த நாராயணபெருமாள், அதிகாரி வரும் வழியை ஒருமுறை பார்த்துவிடலாமென்று போனார். எருமைகளைப் பார்த்தார்.

சவாரிக்கு மூன்று நாள் முன்னால் ஆபேல் போனில் அலறினார்.

“ஓய், பாதையில தார் டின் எறக்குகானுவ!”

ஜெபசீலன் போய்ச் சேர்ந்தபோது ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க! இது சரல் சவாரி. சரல் வேணும்!”

“ஆப்பீசர் காரு குழியில எறங்கினா எனக்கில்லா அசிங்கம்? நோட்டீசுல மொதப் பேரு என் பேராக்கும்” என்றார் நாராயணபெருமாள்.

“ஒரு பர்லாங்காவது விடுங்க.”

“பொம்பளையோ சரல்ல உருண்டு கையக் கால ஒடிக்கணும், நீரு அதப் பாக்கணும். என்ன மனுசன் வே நீரு?”

ரோலர்காரர்கூட அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசியில் கெஞ்சிக் கூத்தாடியதில், ஓரத்தில் ஒரு முழம் சரல் மிஞ்சியது.

ஞாயிறு காலை கொடி அசைந்தது. சங்கத்து ஆறு பேரும் அந்த ஒரு முழச் சரலில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி ஊர்ந்தார்கள். பத்துப் பெண்களும் பழைய சைக்கிள்களில் புதுத் தாரின் நடுவே பேசிச் சிரித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்கள். நன்கொடை நினைத்ததற்கு மேலேயே சேர்ந்தது. பத்துப் பேருக்கும் சைக்கிள் உறுதி என்று ஆபேல் மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

ஜெபசீலன் மட்டும் கைதட்டவில்லை. ஆசை ஆசையாக ஆரம்பித்த காரியம், கடைசியில் சரலே இல்லாமல் போயிற்றே. பூங்கனியிடம் போய்த் தலைகுனிந்து நின்றார்.

“மன்னிச்சிருங்கக்கா. சரல்ல மிதிக்கிற பாக்கியம் ஒங்களுக்குக் கிட்டாமப் போச்சு. அடுத்த வருசம் வேற சரல்பாதை கண்டுபிடிக்கேன்.”

“விசனப்படாதீங்க சார்” என்றாள் பூங்கனி. “பன்னெண்டு வருசமா தெனமும் இந்தச் சரல்லதான் சூளைக்கு மிதிச்சு வந்தோம், எட்டு மனு குடுத்தும் வராத தாரு ஒங்க ஒரே சவாரியில வந்துட்டு. அடுத்த வருசம் எங்க தெருவுல வச்சிருங்க, அங்கயும் நல்ல சரலாக்கும்.”